மடியில் பிள்ளை, முன்னால் உதைபந்து: கொழும்பு மைதானங்களுக்குக் குழந்தையோடு போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

முதல் தடவை நாங்கள் மைதானத்தில் இருந்தது மொத்தம் இருபத்தாறு நிமிடம். மகனுக்கு அப்போது எட்டு மாதம். ஆட்டம் வடிவாகத் தெரியும் என்று வரிசையின் நட்டநடுவில் போய் உட்கார்ந்தோம். கோல் விழுந்தது. பின்னால் நின்ற பப்பரே வாத்தியக் கோஷ்டி ட்ரம்பெட்டைத் தூக்கியது, எங்கேயோ ஒரு வெடிக்கட்டு படபடவென்று வெடித்தது. பிள்ளை உடனே அழவில்லை. மூச்சை இழுத்து, வாயைத் திறந்தபடி சிவந்துபோய் இருந்தான். சத்தம் வெளியே வர ஐந்து விநாடி எடுத்தது. வந்த பிறகு நிற்கவே இல்லை. வலப்பக்கம் பத்துப் பதினைந்து பேர், இடப்பக்கமும் அதேயளவு, எல்லோரும் எழும்பி நின்று ஆடுகிறார்கள். என் வீட்டுக்காரர் பையைத் தூக்கிய வேகத்தில் சூப்பிப் போத்தல் உருண்டு நாலு படி கீழே போய்விட்டது. அதை எடுக்கக்கூட நாங்கள் நிற்கவில்லை.

நான் பேசாலைக்காரி. மன்னாரில் உதைபந்தாட்டம் தெரியாமல் வளர ஏலாது. அப்பா சைக்கிள் பாரில் துவாயைச் சுற்றி என்னை உட்காரவைத்துக் கொண்டு போவார், கோட்டுக்கு வெளியே மணலில் இறக்கிவிடுவார், அவ்வளவுதான். அந்த மாதிரித்தான் கொழும்பிலும் என்று நினைத்தது என் பிழை. திறந்தவெளி மணலும் கொங்கிரீட் படிக்கட்டும் ஒன்றல்ல. இவருக்கோ கிரிக்கெட் தவிர வேறெதுவும் விளையாட்டே இல்லை, ஆகவே பிழை முழுக்க என் கணக்கில் எழுதப்பட்டது.

இப்போது மகனுக்கு இரண்டரை வயது. அதற்குப் பிறகு எட்டுத் தடவை போய்வந்துவிட்டோம். கீழே எழுதியிருப்பது அந்த எட்டுத் தடவையின் கணக்கு. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்: டிக்கெட் 90 நிமிடத்துக்கு, பிள்ளை 45 நிமிடத்துக்கு. ஒரு பாதி முழுதாகப் பார்த்தால் அது வெற்றி. இரண்டாம் பாதி கிடைத்தால் அது கொசுறு. இந்தக் கணக்கோடு வீட்டை விட்டுக் கிளம்பினால் ஆட்டத்தின் இடையில் புருஷன் பெண்சாதி சண்டை வராது.

முதலில் வயது

மூன்று மாதத்துக்குள் வேண்டாம். அந்த வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டொக்டரிடம் ஓடவேண்டும், அதற்குப் பிறகு என்ன ஆட்டம்? மூன்றிலிருந்து எட்டு மாதம் வரை உண்மையில் மிகச் சுகமான காலம். தவழாது, ஓடாது, பால் குடித்தால் தூங்கும். ஆனால் சின்னமுத்துத் தடுப்பூசியின் முதல் டோஸ் நம் நாட்டில் 9 மாதத்தில்தான் போடுகிறார்கள். 2019இல் இலங்கையில் சின்னமுத்து ஒழிந்தது என்று அறிவித்தார்கள், 2023இல் அது திரும்பி வந்தது. ஆகவே ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட பிள்ளையோடு போவதானால் நெரிசல் இல்லாத ஆட்டமாகப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கிளினிக் நாளில் மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள். அவர் உங்கள் பிள்ளையின் கார்டைப் பார்த்தே சொல்வார்.

கஷ்டமான வயது ஒன்று முதல் இரண்டு வரை. நடக்கத் தெரியும், நிற்கத் தெரியாது. படிக்கட்டு என்றால் அதற்கு ஏறுவதற்கு மட்டுமே. இந்த வயதில் ஒரு பெரியவர் மட்டும் கூட்டிப் போகவே கூடாது, இருவர் வேண்டும். இரண்டரைக்குப் பிறகு மெல்ல மெல்லச் சொன்னால் கேட்கும், பந்தையும் கவனிக்கும்.

வீட்டில் மாமி, அம்மம்மா யாராவது "கண்ணூறு படும், சனக்கூட்டத்துக்குக் கொண்டு போகாதே" என்பார்கள். வாதாட வேண்டாம். கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்துவிட்டால் அவர்கள் சமாதானம். வியர்வையில் அது கரைந்து உங்கள் தோளில் ஒட்டும், ஆகவே வெள்ளை உடுப்புப் போடாதீர்கள்.

எந்த ஆட்டம், எந்த மைதானம்

குழந்தையோடு போவதற்கு உதைபந்தாட்டமே நல்லது என்று நான் சொன்னால் இவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் கணக்கைப் பாருங்கள்: 45 நிமிடம், 15 நிமிடத்துக்கு மிஞ்சாத இடைவேளை, பிறகு இன்னொரு 45. இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். கெத்தாராமை கிரிக்கெட் மைதானத்தில் ஒரு ரி20 பார்ப்பதென்றால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல், ஒருநாள் ஆட்டம் என்றால் ஒரு முழு வேலைநாள். அந்த மைதானம் கிட்டத்தட்ட 35,000 பேர் கொள்ளும், அது நிரம்பினால் பம்பர்ஸ் மாற்றப் போய்வரவே இரண்டு ஓவர் போய்விடும்.

உதைபந்தாட்டத்திலும் தெரிவு இருக்கிறது. கழகங்களுக்கிடையிலான லீக் ஆட்டத்தில் தொடங்குங்கள். 2021இல் சூப்பர் லீக் என்ற பெயரில் பத்துக் கழகங்களோடு தொழில்முறைப் போட்டி தொடங்கிய பிறகு கொழும்பு எஃப்.சி., ரினோன் மாதிரிக் கழகங்களின் பெயர் உதைபந்து பார்க்காதவர்களுக்கும் தெரியவந்தது. ஆனால் லீக் ஆட்டத்துக்குக் கூட்டம் அலைமோதாது. ஒரு வரிசையே உங்களுக்குக் கிடைக்கும். கழகங்களுக்கு அது கவலை, கைக்குழந்தைக்காரருக்கு வரம்.

தேசிய அணி ஆடுகிற நாள் வேறு கதை. 2023 ஒக்டோபரில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் யேமனோடு 1-1 என்று முடிந்த உலகக்கிண்ணத் தகுதிகாண் ஆட்டம் மாதிரியான நாட்களில் கொம்பனித்தெருவும் மாளிகாவத்தையும் பப்பரேயோடு வரும். அதை மூன்றாவது நான்காவது பயணத்துக்கு வையுங்கள். இன்னொன்று: நொக்அவுட் ஆட்டத்தைத் தவிருங்கள். சமநிலையானால் மேலதிக நேரம், பிறகு பெனால்டி என்று இழுபடும். 2021 நவம்பரில் இங்கே நடந்த நான்கு நாட்டுப் போட்டியின் இறுதியாட்டம் 3-3 ஆகி, பெனால்டியில் சீஷெல்ஸிடம் போனது. அப்படி ஒரு இரவில் உங்கள் மடியில் தூக்கத்துக்கு அழுகிற பிள்ளை இருந்தால் எந்தப் பெனால்டியும் பார்க்கக் கிடைக்காது.

மைதானங்களில் ரேஸ்கோர்ஸ்தான் எனக்கு முதல் தெரிவு. காரணம் ஆட்டமே அல்ல, சுற்றாடல். 1890களில் குதிரைப் பந்தயத்துக்குக் கட்டியது, இரண்டாம் உலகப்போரில் விமானம் இறங்கும் திடலாக இருந்தது, இப்போது பழைய பார்வையாளர் மண்டபத்தில் கடைகளும் சாப்பாட்டு இடங்களும். பிள்ளைக்குச் சூடு தாங்கவில்லை என்றால் ஏசி உள்ள ஒரு கடைக்குள் நுழைந்து பத்து நிமிடம் நிற்கலாம். பக்கத்திலேயே சுதந்திர சதுக்கம். ஆட்டம் சரிவராவிட்டால் அந்தப் புல்வெளியில் பிள்ளையை அவிழ்த்துவிட்டுப் பின்னேரத்தைக் காப்பாற்றலாம். இருதடவை அப்படிச் செய்திருக்கிறோம்.

கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டிப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சுகததாச மைதானம் கிட்ட. 2006 தெற்காசிய விளையாட்டு விழா நடந்த இடம். புல்தரைக்கும் இருக்கைகளுக்கும் நடுவே ஓடுபாதை இருப்பதால் பந்து வந்து மேலே விழும் பயம் குறைவு. அதே காரணத்தால் சின்னப் பிள்ளைக்கு ஆட்டக்காரர்கள் எறும்பு மாதிரித் தெரிவார்கள், கெதியாகச் சலித்துவிடும்.

காது: இதில் சிக்கனம் வேண்டாம்

பால் போத்தலை மறந்தால் பசி, தொப்பியை மறந்தால் அழுகை. காதுக்கவசத்தை மறந்தால் திரும்பி வீட்டுக்குப் போங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

சிறுவர்களுக்கு வாரத்தில் 75 டெசிபெல் சத்தம் 40 மணித்தியாலம் வரை பரவாயில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. பெரியவர்களுக்கு அது 80. சத்தம் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் தாங்கக்கூடிய நேரம் பாதியாகிறது. பேப்பரில் போட்டுப் பாருங்கள்: 99 டெசிபெலில் அந்த 40 மணித்தியாலம் சுருங்கி ஒன்பது நிமிடமாகிவிடும். ஒரு கோலும் ஒரு பப்பரே பாட்டும் சேர்ந்தால் ஒன்பது நிமிடம் என்ன பெரிய நேரமா? அதோடு குழந்தையின் காதுக்குழாய் சின்னது, கீச்சென்ற சத்தம் அதற்குள் இன்னும் பலமாக விழும். 20 டெசிபெல் குறைக்கிற ஒரு கவசம் போட்டால் அதே சத்தம் 79 ஆகி, ஒன்பது நிமிடம் பதினைந்து மணித்தியாலத்துக்கு மேல் நீள்கிறது.

அமெரிக்கர்கள் இதைப் பெரிய கூச்சமில்லாமல் செய்கிறார்கள். அவர்களுடைய உதைபந்தின் பெரிய இறுதியாட்டமான சூப்பர் போல் 2010இல் முடிந்ததும் ட்ரூ ப்ரீஸ் என்ற ஆட்டக்காரர் தன் ஒரு வயது மகனைத் தூக்கிக்கொண்டு நின்ற படம் உலகம் முழுக்கப் போனது. பிள்ளையின் தலையைவிடப் பெரிய காதுக்கவசம். அவர்களுடைய உதைபந்து வேறு, நம்முடையது வேறு, காது ஒன்றுதான்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். பெட்டியில் எத்தனை டெசிபெல் குறைக்கும் என்று எழுதியிருக்க வேண்டும். கைக்குழந்தைக்கு உச்சியில் கம்பி இல்லாத, துணிப் பட்டி சுற்றுகிற வகை நல்லது. ஹார்ட்வெயார் கடையில் கிடைப்பது பெரியவர்களின் தலைக்கு. பிள்ளைக்குப் போட்டால் ஓரத்தில் இடைவெளி விழும், போட்டும் போடாத கணக்கு. பாட்டுக் கேட்கிற ஹெட்போன் இதற்குப் பதில் அல்ல. பஞ்சு பெரிதாக ஒன்றும் செய்யாது. காதுக்குள் செருகுகிற சின்ன ரப்பர் அடைப்பான் வேண்டவே வேண்டாம், அது நேரே வாய்க்குப் போகும்.

வாங்கிய உடனே மைதானத்தில் போட முயன்றால் பிய்த்து எறியும். இரண்டு வாரத்துக்கு முன்பே பழக்குங்கள். முதல்நாள் நீங்கள் போட்டுக் காட்டுங்கள். அடுத்த நாள் பொம்மைக்கு. எங்கள் வீட்டில் மிக்ஸியில் சம்பல் அரைக்கும்போதெல்லாம் "காது போடு" என்று ஒரு விளையாட்டு வைத்தோம். மூன்றாம் நாள் மிக்ஸியைக் கண்டாலே அவனாக எடுத்துக்கொண்டு வந்தான். மைதானத்தில் உள்ளே போவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். சத்தம் கேட்டுப் பயந்த பிறகு போட்டால் கவசத்தையும் பயத்தோடு சேர்த்துக்கொள்ளும். இடைவேளையில் கழற்றி, காதின் பின்புறம் வியர்வையைத் துடையுங்கள்.

மைதானத்தில் அளக்க இலகுவான வழி: கைநீட்டும் தூரத்தில் நிற்கிறவரோடு கத்தித்தான் பேசவேண்டியிருந்தால் அந்த இடம் பிள்ளைக்குக் கூடாது. எழும்பி வேறு பக்கம் போங்கள்.

பை

ஒரே பை, தோளில் போடுவது. ஸ்ட்ரோலர் வீட்டிலேயே இருக்கட்டும். படிக்கட்டில் அதை நாலு பேர் தூக்கவேண்டும், மடித்தால் வைக்க இடமில்லை. நெஞ்சில் கட்டும் கரியர்தான் சரி. பருத்தியாக இருக்கட்டும், பிள்ளையின் முகம் எப்போதும் உங்களுக்குத் தெரியவேண்டும், நாடி நெஞ்சில் அழுந்தக்கூடாது. கூட்டத்தில் முகம் உங்கள் பக்கம் திரும்பியிருப்பதே நல்லது.

உள்ளே போவது: பம்பர்ஸ் நாலு (இரண்டு மணித்தியாலத்துக்கு நாலு எதற்கு என்று கேட்பவர் இன்னும் பிள்ளை வளர்க்கவில்லை), ஈரத்துடைப்பான், அழுக்கு போட ஷொப்பிங் பேக் மூன்று, மாற்றுடுப்பு பிள்ளைக்கு இரண்டு சோடி, உங்களுக்கு ஒரு மேற்சட்டை. இந்தக் கடைசியை எல்லோரும் மறப்பார்கள். பிள்ளை உங்கள் மேல் வாந்தி எடுத்தால் அதோடுதான் வீடுவரை ஓட்டோவில் இருக்கவேண்டும்.

பிறகு ஒரு பழைய நூல் சேலை. பாதியாகக் கிழித்தது போதும். இதைப்போல ஒரு சாமான் எந்தக் கடையிலும் இல்லை. சூடேறிய கொங்கிரீட்டில் நாலாக மடித்து விரிக்கலாம். பால் கொடுக்கும்போது மறைக்கலாம். பம்பர்ஸ் மாற்ற மூலையில் இவர் அதைப் பிடித்து நின்றால் ஒரு அறை. தூங்கினால் போர்வை, வெயில் சரிந்தால் முன் வரிசைக் கம்பியில் கட்டித் திரை. ஒருதடவை ஈரமாக்கிக் கழுத்தில் சுற்றிச் சூடும் தணித்தோம். ஆனால் தூங்குகிற பிள்ளையின் முகத்துக்கு மேலே மூடிவிடாதீர்கள், காற்றோட்டம் நின்றுவிடும்.

பாலும் சாப்பாடும்

தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம், உங்களுக்கு வேலை மிச்சம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குச் சூடென்று தண்ணீர் கொடுக்க வேண்டாம். அடிக்கடி பாலே கொடுங்கள்.

பால்மா குடிக்கிற பிள்ளைக்குக் கலந்து கொண்டு போகாதீர்கள். கலந்த பால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடியவேண்டும், கொழும்புச் சூட்டில் வழியிலேயே அந்த நேரம் போய்விடும். ஃபிளாஸ்கில் சுடுதண்ணீர், தனியே ஆறின கொதித்த தண்ணீர், அளந்த பால்மா ஒரு சின்ன டப்பாவில். குடித்து மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். பாவம் பார்க்க வேண்டாம்.

வளர்ந்த பிள்ளைக்குக் கோழிக்கூட்டு வாழைப்பழம், மாரி பிஸ்கட், பாணைத் துண்டாக்கி. சிந்தினாலும் காகம் பார்த்துக்கொள்ளும். கடலை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம், நாலு வயதுக்கு முன் அது தொண்டையில் அடைக்கும் சாமான். பிரச்சினை என்னவென்றால் நீங்கள் கொடுக்க மாட்டீர்கள், பக்கத்தில் இருப்பவர் கொடுப்பார். எங்களுக்கு முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர், நல்ல மனுஷன், ஆட்டம் முழுக்க இவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் கோர்னர் உதையைப் பார்த்துத் திரும்புவதற்குள் கடலைச் சுருளில் இருந்து மூன்றை எடுத்து இவன் உள்ளங்கையில் வைத்துவிட்டார். வாய்க்குப் போகும் முன் விரலைப் பிரித்து எடுத்தேன். கோபிக்க வேண்டாம். உட்காரும்போதே சுற்றியிருப்பவர்களிடம் சிரித்துக்கொண்டு "அண்ணா, பிள்ளைக்குக் கடலை ஒத்துக்காது, ஒன்றும் குடுத்திடாதீங்கோ" என்று சொல்லிவிட்டால் அவர்களே காவலும் இருப்பார்கள்.

போகும் வழியும் வாசலும்

வெள்ளவத்தையில் இருந்து ரேஸ்கோர்ஸ் நாலு கிலோமீற்றர் அளவுதான். சனக்கூட்டம் பஸ் நிறைய வரும் நேரத்தில் கைக்குழந்தையோடு தொங்காமல் போனில் பிக்மீ செயலியில் ஓட்டோ ஒன்று பிடியுங்கள். தொடக்க உதைக்கு நாற்பது நிமிடம் முன்பு போய்ச் சேர்ந்தால் போதும். அதற்கு முன்பு போவது பிள்ளையின் 45 நிமிடத்தைத் தின்பது. பிந்திப் போனால் வாசலில் நெரிசல்.

டிக்கெட்: எந்த வயதுவரை பிள்ளைக்கு இலவசம் என்பது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஏற்பாட்டாளரைப் பொறுத்தது. வாங்கும்போதே கேளுங்கள், வாசலில் வாக்குவாதம் செய்யும் இடமில்லை.

பையைத் திறந்து பார்ப்பார்கள். கண்ணாடிப் போத்தலும் தகரப் பேணியும் கொண்டு போகாதீர்கள். தண்ணீர் போத்தலைப் பறிக்கப் பார்த்தால் சத்தம் போடாமல், "அய்யே, மே பபாகே கிரி" என்று பால் சாமானைத் தூக்கிக் காட்டுங்கள். அண்ணா, இது பிள்ளையின் பால் என்று அர்த்தம். இந்த நாலு சொல்லுக்கு எனக்கு இதுவரை மறுப்பு வந்ததில்லை. பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பவர் இதைச் சொல்லவேண்டும், பையைத் தூக்கி வைத்திருப்பவர் சொன்னால் எடுபடாது.

உள்ளே நுழைந்ததும் உட்காராதீர்கள். முதலில் மூன்று இடத்தைக் கண்ணால் குறியுங்கள்: வெளியே போகும் வழி, கழிவறை, முதலுதவிக்காரர் நிற்கும் இடம்.

எங்கே உட்காருவது

முதல்தரமான பிழை நாங்கள் செய்தது இங்கேதான். வரிசையின் ஓரம், நடைபாதையை ஒட்டிய இரண்டு இடம், வெளிவாசலுக்கு மிக அருகில். ஆட்டம் கோணலாகத் தெரியும், தெரியட்டும். எழும்பி இருபது விநாடியில் வெளியே போக முடியாத இடம் எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும் வேண்டாம்.

வெயிலைப் பாருங்கள். லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் பின்னேரம். சூரியன் மேற்கில் இறங்கும், கொழும்பில் வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டித்தான் மறையும். ஆகவே மேற்குப் பக்கத்து இருக்கையில், சூரியனை முதுகில் வைத்து இருந்தால் நிழல் முதலில் உங்களுக்கு வரும். கிழக்குப் பக்கம் இருந்தால் ஆறு மணிவரை பிள்ளையின் கண்ணுக்கு நேரே வெயில். போன் வரைபடத்தில் பார்த்தால் எந்தப் பக்கம் எது என்று தெரிந்துவிடும்.

கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்காதீர்கள். ஆட்டத்தைவிட அதற்கு முந்திய பயிற்சி நேரம்தான் ஆபத்து, ஒரே நேரத்தில் பத்துப் பந்து கோலை நோக்கி வரும், பாதி மேலே போகும், யாரும் "பந்து!" என்று கத்தவும் மாட்டார்கள். பப்பரே கோஷ்டி எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே எதிர்மூலைக்குப் போங்கள். ஒலிபெருக்கிக்குக் கீழேயும் வேண்டாம்.

முதல் 45 நிமிடம்

இருவர் போனால் ஆளுக்கொரு பாதி. முதல் பாதியில் நான் ஆட்டம் பார்க்கிறேன், இவர் பிள்ளையைப் பார்க்கிறார். இடைவேளையில் மாறுவோம். இருவரும் இரண்டையும் பார்க்க முயன்றால் இரண்டும் நடக்காது. முதல் பாதியில் யார் கடமையில் என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள், கோல் விழுந்த பிறகு அல்ல.

பிள்ளைக்கு ஆட்டம் விளங்கவேண்டும் என்று மினக்கெடாதீர்கள். என் மகன் முதல் மூன்று தடவையும் பார்த்தது கோட்டருகே ஓடுகிற நடுவரின் கொடியை மட்டும்தான். அது உயர்ந்தால் இவனும் கையை உயர்த்துவான். "கொடி மாமா" என்று பெயரும் வைத்துவிட்டான். ஓஃப்சைட் விழுந்து எங்கள் பக்கம் எல்லோரும் நடுவரை ஏசும்போது இவன் மட்டும் கைதட்டினான், முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு நாள் முழுக்கக் கோர்னர் கொடியில் வந்து உட்கார்ந்த ஒரு காகம். பரவாயில்லை. அது பார்க்கட்டும், நீங்கள் மற்றதைப் பாருங்கள்.

கண்ணைக் கசக்குதல், காதுக்கவசத்தை இழுத்தல், உங்கள் தோளில் முகத்தைத் தேய்த்தல்: இந்த மூன்றில் இரண்டு வந்தால் பத்து நிமிடத்தில் அழுகை. அப்போதே எழும்பி நடைபாதையில் ஒரு சுற்று நடவுங்கள். அழத் தொடங்கிய பிறகு எழும்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

பம்பர்ஸ் மாற்ற 40ஆவது நிமிடம்தான் நேரம். இடைவேளை விசில் அடித்த பிறகு போனால் கழிவறை வாசலில் வரிசை நிற்கும். கைக்குழந்தைக்கென்று மேசை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். சேலையும் ஒரு சுவர் மூலையும் போதும்.

வெயில், மழை, நுளம்பு

ஆறு மாதத்துக்குள் சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழலும் தொப்பியும் மெல்லிய நீளக்கை உடுப்பும். அதற்கு மேல் என்றால் முகம், கை, கழுத்துப் பின்புறம் தடவலாம். கொழும்பில் வெயிலைவிட அவியல் மோசம். கைக்கால் அல்ல, பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே கொதித்தால், பிள்ளை வழமையை விடச் சோர்ந்து கிடந்தால், உச்சிக்குழி உள்ளே இறங்கியிருந்தால், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகவில்லை என்றால், அது "கொஞ்சம் களைப்பு" இல்லை. டொக்டரிடம் போங்கள். மைதானத்திலேயே பிள்ளை துவண்டால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இரண்டு மைதானத்தில் இருந்தும் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி தூரமில்லை.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடிமழை பிடிக்கும். குடை வாசலிலேயே பறிபோகலாம். உள்ளே போனாலும் பின்னால் இருப்பவர் ஏசுவார். கரியருக்கு மேல் போடுகிற மாதிரி ஒரு பெரிய மழைச்சட்டை. இடி கேட்டால் திறந்த படிக்கட்டில் நிற்க வேண்டாம்.

டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, பொழுது சாயும் முன்பு அதற்குப் பசி அதிகம். அதாவது நமது இரண்டாம் பாதி. நீளக்காற்சட்டை, மேசு. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு நுளம்பு மருந்து தடவக்கூடாது. வளர்ந்த பிள்ளைக்கும் கையில் தடவாதீர்கள், அந்தக் கை வாய்க்குத்தான் போகும்.

கைவிட்டுப் போனால்

நடக்கிற பிள்ளைக்கு மட்டும். உள்ளே போகும் முன் அன்றைய உடுப்போடு போனில் ஒரு படம் எடுங்கள். பதறும்போது என்ன நிறச் சட்டை என்று நாக்கில் வராது. முன்கையில் பேனாவால் உங்கள் போன் நம்பர், மேலே ஒட்டும் பிளாஸ்டர். எல்லோரும் போடுகிற அணி நிறத்தை அன்றைக்குப் பிள்ளைக்குப் போடாதீர்கள். ஆசைதான், எனக்கும் தெரியும். ஒரு கடும் மஞ்சள் பெனியன் எங்கும் தெரியும்.

எப்போது எழும்புவது

இடைவேளையில் ஒரு முடிவு, 75ஆவது நிமிடத்தில் ஒரு முடிவு. இந்த இரண்டைத் தவிர வேறு நேரத்தில் "இன்னும் கொஞ்சம்" என்று யோசிக்காதீர்கள். இடைவேளையில் பிள்ளை சாப்பிட்டு, சிரித்து, காதுக்கவசத்தைத் திரும்பப் போடவிட்டால் இருங்கள். போடவிடாமல் தலையை ஆட்டினால் அதுதான் அதன் பதில், கிளம்புங்கள். 75ஆவது நிமிடத்தில் எழும்பினால் ஓட்டோ உடனே கிடைக்கும், வாசலில் நெரிசல் இல்லை. இறுதி விசில்வரை இருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேரோடும் ஒரே வாசலால் பிதுங்கவேண்டும். கட்டாயம் இருக்கவேண்டுமென்றால், எல்லோரும் போன பிறகு இருபது நிமிடம் அங்கேயே இருங்கள். காலியான மைதானத்தின் படிக்கட்டில் ஏறி இறங்குவதுதான் அன்றைய நாளில் என் மகனுக்குப் பிடித்த ஆட்டம்.

எழும்பிய பிறகு கோல் விழும். எங்களுக்கு எட்டில் மூன்று தடவை விழுந்தது. ஒருதடவை ஓட்டோவில் ஏறிக் கதவுப் பக்கம் பையை வைக்கும்போது உறுமல் கேட்டது. ஓட்டோ அண்ணா எஞ்சினை நிறுத்தி, "கீயத மிஸ், ஸ்கோர் எக?" என்று என்னிடம் கேட்டார். எத்தனை என்று எனக்கென்ன தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதலில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு மேல்கழுவல், அப்போதே கை கால் பிடரியில் கடி இருக்கிறதா என்று பாருங்கள். அன்றிரவு தூக்கம் குழம்பும். ஒன்பது மணிக்குத் தூங்குவது பத்தரை ஆகும், நடுவில் ஒருதடவை அழும். அடுத்த நாள் வழமைக்கு வந்துவிடும். அடுத்த பத்து நாளுக்குள் காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் தவிர வேறெதுவும் கொடுக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள், மூன்றாம் நாளும் விடவில்லை என்றால் இரத்தப் பரிசோதனை கட்டாயம் கேளுங்கள்.

காதுக்கவசத்தின் உட்பக்க மெத்தையை ஈரத்துணியால் துடைத்து, காற்றில் காயவிட்டு, அன்றைக்கே பையில் போட்டு அலுமாரிக்கு மேலே வையுங்கள். எங்கள் வீட்டில் மேசையில் விட்டிருந்தோம். மறுநாள் காலை அது இடியப்பத் தட்டோடு சேர்ந்து ஸ்டீமருக்குள் இருந்தது.